மொட்டை மாடியில் அறையும் சோலாரும்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: 30க்கு 40 மனையில் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு. மொட்டை மாடியில் மகன் படிக்கவும் படுக்கவும் 10க்கு 12 அடியில் ஷீட் கூரை அறை ஒன்று போட்டு, அதன் மேலேயே 3 கிலோவாட் சோலாரும் வைத்துவிடலாம் என்கிறார் காண்டிராக்டர். உள்ளே பிளைவுட் பேனலிங், சோலார் வயர் ஃபால்ஸ் சீலிங்குக்குள், இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படி உச்சியில் இருக்கும் கூண்டறையான ஹெட்ரூமில் என்று பிளான். சரியாக வருமா?
- ராமமூர்த்தி நகர் வாசகர்

பதில்: முதலில் அளவே ஒத்துவராது. இப்போது பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் வேண்டும். உங்கள் கூரையோ 3.05க்கு 3.66 மீட்டர். மூன்று பேனல் ஒரு வரிசையாக உட்காரும், அவ்வளவுதான். மீதியைக் கூரைக்கு வெளியே நீட்டி வைத்தால் ஏப்ரல், மே மாதக் கோடைமழைக் காற்று அடியில் புகுந்து தூக்கும். ஒரு பேனல் 28 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தைவிடக் காற்றின் இழுப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

அறையை மாடியின் வடக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். தெற்கில் தனி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் போட்டு ஆறு பேனலையும் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் வையுங்கள். டிசம்பர் நடுப்பகலில் பெங்களூரில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 9 அடி உயர அறை வடக்குப் பக்கம் ஆறரை அடிக்கு நிழல் போடும். இடம் மாறி அறை தெற்கில் வந்துவிட்டால் குளிர்காலம் முழுக்க உற்பத்தி அடிவாங்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

இனி தீ. ஹெட்ரூம்தான் உங்கள் மகன் கீழே இறங்க இருக்கும் ஒரே வழி. அங்கே இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வைப்பது எங்களுக்குச் சம்மதமே இல்லை. இந்த ஊரில் யு.பி.எஸ். பேட்டரிக்குப் படிக்கட்டின் அடி என்று ஒரு வழக்கமே இருக்கிறது; பழக்கமான இடம் என்பதால் அது பத்திரமான இடம் ஆகிவிடாது. 2010 பிப்ரவரியில் பழைய விமான நிலைய சாலை கார்ல்டன் டவர்ஸ் மாடிக்கட்டடத் தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். மின் ஷாஃப்டில் கிளம்பிய புகை மேல்மாடிகளில் நிரம்பியது, வெளியேறும் கதவுகள் அடைபட்டிருந்தன. வீட்டிலும் படிக்கட்டுதான் புகைபோக்கி. கீழே எரிந்தால் புகை முதலில் போய்ச் சேரும் இடம் ஹெட்ரூம். ஆகவே இன்வெர்ட்டரை ஹெட்ரூமின் வெளிச்சுவரில், செங்கல் சுவர்மேல் நேராக, வெயிலும் மழையும் படாதபடி சிறு ஷீட் மறைப்புக்கு அடியில் மாட்டுங்கள். பின்னால் பிளைவுட் பலகை வேண்டாம். பலகை தேவைப்பட்டால் சிமென்ட் போர்டு. சுற்றிலும் ஓர் அடி காலி விடுங்கள். அறையின் கதவும் ஹெட்ரூமுக்குள் திறக்கக் கூடாது, நேராகத் திறந்த மாடிக்குத் திறக்க வேண்டும். ராத்திரி ஹெட்ரூம் கேட்டுக்குப் பூட்டு போடுகிறவர்கள் சாவியை அறைப்பக்கமும் ஒன்று வையுங்கள். முடிந்தால் வெளிப்புறமாக ஓர் இரும்புப் படி.

பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம்; இன்வெர்ட்டர்தான் அதை வீட்டுக்கான ஏசியாக மாற்றும். அந்த டிசி வயரை ஃபால்ஸ் சீலிங்குக்குள் விடவே கூடாது. ஆறு பேனல் வரிசையாகச் சேர்ந்தால் 300 வோல்ட் டிசி. ஏசி மின்சாரம் திசை மாறி மாறி ஓடி, நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால் அதில் பொறி பெரும்பாலும் தானே அணையும். டிசியில் அந்த இடைவெளி கிடையாது. பொறி ஒருமுறை பிடித்தால் இடைவெளியைத் தாண்டி எரிந்துகொண்டே இருக்கும். வெயில் இருக்கும்வரை எந்த மெயின் சுவிட்சும் அதை நிறுத்தாது. 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிளை இரும்புக் குழாயில், வெளிச்சுவர் வழியாக, மிகக் குறுகிய தூரத்தில் இன்வெர்ட்டருக்குக் கொண்டுவாருங்கள். டிசி பெட்டியில் டிசிக்கு என்றே செய்த, மின்சாரம் மிஞ்சினால் தானே நிறுத்தும் எம்.சி.பி.தான் இருக்க வேண்டும். அதிலும் பிளஸ், மைனஸ் குறியிட்ட வகையைத் தலைகீழாக இணைத்தால் நிறுத்தும்போது பொறி அணையாமல் எம்.சி.பி.யே எரியும். வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, அந்தக் குறியை வயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறையின் உள்பக்கம்: தெர்மோகோல் அறவே வேண்டாம், எரிந்துகொண்டே சொட்டும். பஃப் பேனல் கூரை வெப்பத்துக்கு நல்லது, ஆனால் அதில் துளை போட்ட இடமெல்லாம் உள்ளே இருக்கும் நுரை வெளியே தெரியும், தீ அங்கேதான் பிடிக்கும். கொஞ்சம் கூடுதல் செலவானாலும் ராக்வூல் (எரியாத பாறைப் பஞ்சு) நிரப்பிய பேனல் வாங்குங்கள். பிளைவுட்டுக்குப் பதில் 12.5 அல்லது 15 மில்லிமீட்டர் தீத்தடுப்பு ஜிப்சம் போர்டு. அறைக்கு மின்சாரம் கீழ்மாடி பிளக் பாயின்டிலிருந்து இழுக்க வேண்டாம்; டி.பி.யிலிருந்து (வீட்டின் எம்.சி.பி. பெட்டி) தனி லைன், தீயும் புகையும் எளிதில் பரப்பாத எஃப்.ஆர்.எல்.எஸ். வயர், கசிவு தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏர் கண்டிஷனர் போடுவதாக இருந்தால் அதற்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனியாக இன்னொன்று. மாநகராட்சி அனுமதி இல்லாமல் அறையை எழுப்பாதீர்கள் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: மழைக்காலத்தில் காலையில் இன்வெர்ட்டர் 'இன்சுலேஷன் ஃபால்ட்' என்று காட்டி நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல் தானாக ஓட ஆரம்பிக்கிறது. போட்டுக் கொடுத்தவர், 'ஈரம் சார், விட்டுடுங்க' என்கிறார்.
- லிங்கராஜபுரம் வாசகர்

பதில்: விடாதீர்கள். எங்கோ கேபிளின் தோல் உரிந்து, ஈரம் வழியாகப் பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு மின்சாரம் கசிகிறது. வெயில் காய்ந்ததும் கசிவு குறைகிறது, இன்வெர்ட்டர் சமாதானமாகிறது. ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது. இன்னோர் இடத்திலும் இதேபோல் உரிந்தால் இரண்டுக்கும் நடுவே சட்டத்தின் வழியாக ஒரு முழுச் சுற்று உருவாகி, பொறி கிளம்பும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை, ஆனால் ஈரம் காய்வதற்கு முன் காலையிலேயே செய்ய வேண்டும், பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஏசி மெயினை நிறுத்தி, பிறகு பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை நிறுத்தி, பேனல் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டர் வைத்து பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். கசிவு இல்லாவிட்டால் இரண்டுமே நிலையாக நிற்காமல் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். ஆறு பேனல், பேனலுக்கு 50 வீதம் மொத்தம் 300 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கு 100, மைனஸிலிருந்து 200 என்று நின்றால், பிளஸ் பக்கத்திலிருந்து இரண்டாவது பேனலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் கோளாறு. ஆறு பேனலையும் கழற்ற வேண்டியதில்லை.

அந்த இடத்தில் பெரும்பாலும் பார்க்கப்போவது இதுதான்: பிளாஸ்டிக் டை வெயிலில் மக்கி அறுந்து, பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் தொங்கித் தளத்தில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும். அல்லது கேபிள் சட்டத்தின் கூரிய விளிம்பில் உரசி உரசித் தாமிரம் எட்டிப்பார்க்கும். டைக்குப் பதில் ஸ்டீல் கிளிப் போடுங்கள். கனெக்டரைப் பார்க்கும் கையோடு இரண்டு பாதியும் ஒரே கம்பெனியா என்று பாருங்கள். வேறு வேறு கம்பெனி கனெக்டர்கள் 'கிளிக்' என்று பொருந்தும். உள்ளே உலோகம் சரியாகக் கவ்வாமல் சூடேறி, ஒருநாள் உருகும். உரிய கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கிப் பொருத்திய வயர் முனைக்கும் அதே கதிதான். புறாக் கூடு இருந்தால் எடுத்துவிட்டு ஓரம் சுற்றி வலை அடியுங்கள்; காய்ந்த சுள்ளிக்கு மேலே சூடான கனெக்டர் நல்ல சேர்க்கை இல்லை.

கேள்வி: எங்களுக்கு கர்நாடக அரசின் கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் பில் பூஜ்ஜியம்தான். ஆனாலும் மானியம் உண்டு என்று சோலார் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- அல்சூர் வாசகி

பதில்: பில் எப்போதும் பூஜ்ஜியம் என்றால் அவசரமில்லை. மிச்சப்படுத்த எதுவும் இல்லாத இடத்தில் போட்ட பணம் எப்படித் திரும்பும்? மத்திய அரசின் பி.எம். சூர்யகர் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் கிடைக்கும். பாக்கி உங்கள் கைக்காசு.

சில மாதம் இலவச எல்லையான 200 யூனிட்டைத் தாண்டிப் போகிறது என்றால் கதை வேறு. அந்த மாதம் பில் முழுவதும் உங்கள் தலையில். அப்போது முதலில் கீசரைப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுவர மூன்றேகால் யூனிட் ஆகும், மாதம் 95 யூனிட்டுக்கு மேல். 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். போர்வெல் தண்ணீரா, காவேரித் தண்ணீரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் குழாய்க்கு உள்ளே படிவு கட்டும்.

கேள்வி: சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடே இருட்டு. ஏமாற்றிவிட்டார்களா?
- ஜீவன் பீமா நகர் வாசகர்

பதில்: இல்லை. லைன் செத்திருக்கும்போது உங்கள் மின்சாரம் கம்பத்துக்குப் போனால் பழுது பார்க்கிறவர் உயிருக்கு ஆபத்து, அதனால் இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். எங்கள் ஓட்டு லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரிக்கு. டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரிதான் என்றால் காற்றோட்டம் கட்டாயம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அலமாரிக்குள் அது தேங்கும்.

கேள்வி: டூப்ளெக்ஸில் சாய்வுக் கூரைக்கு அடியில் பெரிய பரண் இருக்கிறது. பலகை போட்டுப் பிள்ளைகள் படுக்கும் இடமாக்கலாம் என்று இருக்கிறோம். ஏற மர ஏணி.
- எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி

பதில்: ஏணியோடு படுக்கை அறை வேண்டாம், கைப்பிடி வைத்த நிலையான படி போடுங்கள். அது முடியாவிட்டால் பரண் பரணாகவே இருக்கட்டும். மேலே தூங்கும் பிள்ளையிடம் கீழே எரியும் தீயைவிடப் புகைதான் முதலில் வரும். ஆகவே ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும் வகையில் இணைந்த புகை அலாரம் மூன்று: கீழ் ஹாலில், படியின் உச்சியில், பரணுக்குள். சமையலறையில் மட்டும் வெப்ப அலாரம். புகை அலாரம் வைத்தால் தாளிப்புக்கெல்லாம் கத்தி, ஒருநாள் யாராவது பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள்.

அடுத்து ஜன்னல். தப்பிக்கும் ஜன்னலுக்குப் பிரிட்டன் கட்டட வழிகாட்டியில் இருக்கும் அளவு நமக்கும் உதவும்: திறப்பு 0.33 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல், அடி விளிம்பு அறையின் தரையிலிருந்து 1.1 மீட்டருக்குள். அதாவது 45க்கு 74 சென்டிமீட்டர் இருந்தால் போதும். மாடியின் தளம் வெளித்தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு மேல் போய்விட்டால் பிரிட்டனிலேயே ஜன்னலை நம்பச் சொல்வதில்லை. படிக்கட்டை அரைமணி நேரம் தீயைத் தாங்கும் சுவரும் தீத்தடுப்புக் கதவும் வைத்து வாசல்வரை மூடச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஜன்னல் பெரிதாகவே இருக்கும், வெல்டு வைத்த கிரில்தான் வழியை அடைக்கும். ஒரு ஜன்னல் கிரிலையாவது கீல் வைத்து, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளோடு செய்யச் சொல்லுங்கள். பிள்ளையே அதைத் திறந்து பார்க்கட்டும்.

கேள்வி: சோலாரில் புகை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
- பாணஸ்வாடி வாசகர்

பதில்: எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101 அல்லது 112. கை எட்டினால் ஏசி மெயினை நிறுத்தி, பிறகு டிசி ஐசொலேட்டரை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள், கையிலேயே பொறி அடிக்கும். வாளித் தண்ணீர் வேண்டாம். இன்வெர்ட்டரில் சின்னத் தீ என்றால் கார்பன் டை ஆக்சைடு அல்லது 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர். லித்தியம் பேட்டரி எரிந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். பவுடர் சுடரை அணைக்கும், உள்ளே இருக்கும் சூடு மறுபடி பற்றவைக்கும். தீயணைப்பு வீரர்களிடம் சோலார் இருப்பதை வாயால் சொல்லுங்கள், மீட்டர் பெட்டியிலும் முன்கூட்டியே எழுதி ஒட்டிவையுங்கள். ராத்திரி அணைந்த தீ என்றால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். காலை வெளிச்சம் பட்டதும் கருகிய கேபிளில் மறுபடி மின்சாரம் ஏறும். விடிவதற்குள் தெரிந்த ஆளை வைத்து அந்தப் பேனல் வரிசையைத் துண்டித்துவிட வேண்டும். அதுவரை மாடிப்பக்கம் யாரையும் விடாதீர்கள்.