ரூட் போடும் மென்பொருள் வாங்கினோம், டிரைவர்கள் அதன்படி ஓட்ட மறுக்கிறார்கள். அவர்களை எப்படிப் பழக்குவது?

மாதவரத்தில் ஒரு மளிகைச் சரக்கு விநியோக நிறுவனத்தில் டிஸ்பாட்ச் பார்த்தபோது நானும் "பழக்கணும்" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டிகள்தான் எங்களிடம் இருந்தன. மென்பொருள் வந்ததும் பல வண்டிகளுக்கு மூன்று நடை இரண்டு நடையானது. டீசல் மிச்சம், முதலாளிக்கு ஏக சந்தோஷம். ஒரே வாரத்தில் டிரைவர்களின் போன் எல்லாம் பதினொரு மணிக்கு அணைந்துவிடும். கேட்டால், "சார்ஜ் இல்ல சார்."

புரொஜெக்டர் வைத்து இரண்டு முறை வகுப்பு எடுத்தேன். மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு பழைய வழியிலேயே போனார்கள். கடைசியில் டீக்கடையில் மூத்த டிரைவர் ஒருவர்தான் உடைத்துச் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு நடைக்குத்தான் பேட்டா. ஒரு நடையைக் குறைச்சா அந்தக் காச உங்க கம்ப்யூட்டரா குடுக்கும்?"

புதுமைக்குப் பயம் என்று நான் நினைத்தது வெறும் கூட்டல் கழித்தல். பேட்டாவை நடைக்கு என்பதிலிருந்து நாளுக்கு என்று மாற்ற முதலாளியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. மாறிய பிறகு எல்லார் போனிலும் சார்ஜ் தீராமல் இருந்தது!

லோடுமேன்களின் சிக்கல் வேறு. கடைசிக் கடைச் சரக்குதான் வண்டியில் முதலில் ஏற வேண்டும். காலை ஏழு மணிக்கு வரிசை மாறினால், விடியலில் அடுக்கியதை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். திட்டு எனக்குத்தான் விழுந்தது, நியாயமாகவே. முந்தின இரவே ரூட்டை முடித்துப் பூட்டினோம். மென்பொருள் கடைக்கு எட்டு நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தது. பாரிமுனையில் சரக்கைச் சரிபார்க்கும் ஆள் வரவே அரை மணி ஆகும். இரண்டு டிரைவர்களை மதிய வேளைகளில் பக்கத்தில் உட்காரவைத்து, கடை கடையாகத் திருத்தினோம்.

இது சின்னக் கம்பெனிச் சங்கடம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பார்சல் நிறுவனமான யூபிஎஸ், ரூட் போடும் தன் 'ஓரியன்' மென்பொருளைப் பல ஆண்டு சோதித்துவிட்டு, 2016-இல்தான் அந்நாட்டில் சுமார் 55,000 ரூட்களுக்கும் கொண்டுசேர்த்தது. கணக்குப்படி மிகச் சிறந்த வழி தினமும் மாறிக்கொண்டே இருந்தால் டிரைவர் தடுமாறுவார் என்பதால், கொஞ்சம் தூரம் கூடினாலும் பழகிய வரிசை அதிகம் குலையாதபடி அல்காரிதத்தையே வளைத்தார்கள். டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நூற்றுக்கணக்கான ஆட்களை இறக்கினார்கள். ஓரியனுக்கு 2016-இல், இப்படிக் கணக்கு முறைகளை நடைமுறையில் பயன்படுத்துவதற்குத் தரும் ஃபிரான்ஸ் எடெல்மன் விருதும் கிடைத்தது.

உங்கள் டிரைவர்களுக்கு மாதச் சம்பளமா, நடைக் கணக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. நடைக் கணக்கென்றால் பயிற்சி வகுப்பைத் தள்ளிவையுங்கள். போன மாதப் பேட்டாப் பட்டியலை எடுத்து, புது ரூட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு குறைகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.