வெளிச்சவீட்டில் காணாமற்போன மூவர்

கேள்வி: ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் வெளிச்சவீட்டிலிருந்த காவலர் மூவர், பாதி உண்ட உணவை மேசையில் விட்டு ஒரே இரவில் மறைந்தார்களாமே! அவர்கள் அழுது பிரார்த்தித்ததாகக் குறிப்பேட்டிலும் இருந்ததாம். உண்மையா?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: மூவர் மறைந்தது உண்மை, உணவும் அழுகையும் பிற்காலத்தார் சேர்த்தவை. இடம், பிளானன் தீவுகளில் ஒன்றான எலன் மோர். நமது பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் போல ஊரை ஒட்டியதன்று. அக்காலத்தில் காவலரைத் தவிர மனிதவாசமே இல்லாதிருந்த பாறைத் தீவு. 1900 டிசம்பர் 15 இரவு அங்கே விளக்கு எரியவில்லை என்பதை, அவ்வழியே சென்ற ஆர்க்டர் என்ற நீராவிக் கப்பல் கவனித்தது. மோசமான காலநிலையால் தாமதித்த ஹெஸ்பெரஸ் கப்பலில் 26ஆம் திகதியே மாற்றுக் காவலர் ஜோசப் மூர் போய்ச் சேர்ந்தார். கடிகாரம் நின்றிருந்தது, ஆட்களைக் காணவில்லை. ஆனால் விளக்கு துடைக்கப்பட்டு, எண்ணெய் நிரப்பப்பட்டு, ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருந்தது. கற்பலகையின் கடைசிக் குறிப்பு 15ஆம் திகதி காலை 9 மணிக்குரியது. எனவே அவர்கள் மறைந்தது இரவிலன்று, காலை வேலைகளை முடித்தபின் பகலில் என்றே கொள்ள வேண்டும்.

விசாரித்த அத்தியட்சகர் ரொபேர்ட் முயர்ஹெட், மேற்கு இறங்குதுறையில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 33 மீற்றர் மேலே வைத்திருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து, கயிறுகள் சிதறிக் கிடந்ததையும், இரும்புக் கம்பிவேலி வளைந்திருந்ததையும் கண்டார். அப்பெட்டியைக் காப்பாற்றச் சென்றவர்களைப் பேரலை அள்ளிச் சென்றது என்பதே அவரது முடிவு. அவ்வளவு உயரத்துக்கு அலை எழுமா என்று கடலோரத்தவரான நீங்கள் கேட்பீர்கள். ஆழ்கடலில் எழவேண்டியதில்லை; குறுகிய பாறைப் பிளவுக்குள் புகுந்த அலைக்கு ஒதுங்க இடமின்றி நீர் மேல்நோக்கிப் பீறிடும்.

எனக்கு இவ்வழக்கில் பெரிதாகப்படுவது ஒரு மழையங்கி. ஜேம்ஸ் டுகாட்டும் தோமஸ் மார்ஷலும் தங்கள் அங்கிகளை அணிந்து போயிருக்க, டொனால்ட் மக்காதருடையது மட்டும் உள்ளேயே இருந்தது. ஒருவர் எப்போதும் வெளிச்சவீட்டில் தங்க வேண்டும் என்ற விதியையும் மீறி, டிசம்பர்க் குளிரில் அங்கியில்லாமல் அவர் வெளியே போனாரென்றால், மற்ற இருவருக்கும் நேர்ந்த ஆபத்தை அறிந்து உதவ ஓடியிருப்பார் என்பதே பொருந்துகிறது. மூவரின் உடல்களும் கிடைக்கவில்லை.