மஸ்டாங்குக்கு ஜிடி350 மேனிஃபோல்டு: வாங்கலாமா, வேண்டாமா?

ஸ்கார்பரோவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2016 மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், பின் ஆக்சில் கியர் விகிதம் 3.15 (இந்த எண் கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும்). எஞ்சினில் இதுவரை எதையும் மாற்றவில்லை. மஸ்டாங்கின் அதிவேக வகையான ஷெல்பி ஜிடி350-இன் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், போட்டால் நாற்பது குதிரைத்திறன் கூடும் என்று நண்பர் சத்தியம் செய்கிறாராம். ஓரிரு வருடத்தில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) போடும் ஆசையும் இருக்கிறது. வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. மேனிஃபோல்டு மாற்றுவதே ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை, சரியான எஞ்சினில் அது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் கார் இப்போது இருக்கும் நிலையில் அது பொருந்தாது, அவ்வளவுதான். ஏன் என்று புரிய மேனிஃபோல்டு உண்மையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

காற்றை எட்டு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்றால் பெரிய துளை, குட்டைக் குழாய், வழவழப்பான உள்பக்கம் என்று செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் உள்ளே அலைகள் ஓடுகின்றன. இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சல், அழுத்தம் குறைந்த ஓர் அலையாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் போகும் ரன்னர் குழாய் வழியே மேலே ஓடுகிறது. ரன்னர்கள் எல்லாம் வந்து சேரும் பொதுப்பெட்டி இருக்கிறதே, பிளீனம், அதை எட்டியதும் அந்த அலை தலைகீழாகி, அழுத்தம் கூடிய அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் கூடுதல் காற்றைத் திணித்துவிடும். டர்போ இல்லாமலேயே சிலிண்டரின் கொள்ளளவைவிட அதிகமாகக் காற்று நிரம்புவது இப்படித்தான். ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி, எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதைவிட எப்போது தள்ளுகிறோம் என்பதுதான் இங்கே கணக்கு.

6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரு முறை சுற்ற 10 மில்லி விநாடி ஆகும், 3,000-இல் 20. அலையோ எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஏறக்குறைய ஒலியின் வேகத்தில்தான் போகும், நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரன்னர் நீளமாக இருந்தால் அலை போய்த் திரும்ப அதிக நேரம் பிடிக்கும், அது கீழ் ஆர்பிஎம்முக்குத் தோதுப்படும். குட்டையாக இருந்தால் மேல் ஆர்பிஎம்முக்கு. நீளம் மாறாத ஒரே மேனிஃபோல்டால் இரண்டையும் முழுசாகத் தர முடியாது. 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி-யில் ரன்னரையே நீட்டிச் சுருக்கும் ஏற்பாடு வைத்தது இதற்காகத்தான். பிஎம்டபிள்யூவும் 2001-இல் 7 சீரிஸ் வி8-இல் அதே மாதிரி ஓடும்போதே நீளம் மாறும் மேனிஃபோல்டைப் போட்டது.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1960-இல் கிரைஸ்லர் 300எஃப் காரில் 413 கன அங்குல வி8-க்கு இரண்டு விதமான மேனிஃபோல்டு கொடுத்தார்கள். சாதாரணமாக வந்தது சுமார் 30 அங்குல நீள ரன்னர், 375 குதிரைத்திறன், 2,800 ஆர்பிஎம்மிலேயே 495 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). கேட்டு வாங்குபவர்களுக்கு ரன்னரின் உள்சுவரைப் பாதியோடு நிறுத்தி, அலைக்கு 15 அங்குலம்தான் நீளம் என்று ஆக்கிய இன்னொரு வகை: 400 குதிரைத்திறன், ஆனால் டார்க் 465 பவுண்டு-அடிக்கு இறங்கி, அதுவும் 3,600-இல்தான் வந்தது. மேலே 25 குதிரை ஏறியது, கீழே 30 பவுண்டு-அடி போனது.

உங்கள் எஞ்சின் குடும்பத்திலேயே ஃபோர்டு இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2011 மஸ்டாங் ஜிடி 6,500 ஆர்பிஎம்மில் 412 குதிரைத்திறன், டார்க் 390. அடுத்த வருடம் வந்த பாஸ் 302 என்ற மஸ்டாங்கில் குட்டை ரன்னர் மேனிஃபோல்டு, 7,400-இல் 444 குதிரைத்திறன், டார்க் 380. இதைப் பார்த்துவிட்டுத்தான் மேனிஃபோல்டு 32 குதிரை தரும் என்று பலர் கிளம்பினார்கள். பாஸில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாமே வேறு என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 7,400-இல் 444 குதிரை என்றால் அந்த இடத்தில் டார்க் 315 பவுண்டு-அடிதான், சாதா ஜிடி தன் உச்சமான 6,500-இல் 333 தருகிறது. அதாவது பாஸின் கூடுதல் குதிரை, அந்த ஆர்பிஎம்மில் எஞ்சினைச் சுற்ற வைத்ததால் வந்தது. அங்கே போகாத ஆளுக்கு அது இல்லை.

உங்கள் நண்பர் சொல்லும் நாற்பதும் வானத்தில் இருந்து வந்ததல்ல. 2015-17 ஜிடிக்கு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் மூன்று பவர் பேக் விற்றது. முதலாவது ஏர் ஃபில்டரும் ட்யூனும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) மட்டும்: 13 குதிரை, 16 பவுண்டு-அடி கூடுதல். இரண்டாவதில் புது ஏர் இன்டேக், 80 மில்லிமீட்டருக்குப் பதிலாக 87 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி (காற்று நுழையும் வாய்), ட்யூன்: 21 குதிரை, 24 பவுண்டு-அடி. மூன்றாவதில்தான் ஜிடி350 மேனிஃபோல்டு சேர்கிறது, ஆர்பிஎம் எல்லையும் 7,500-க்கு ஏறுகிறது: 37 குதிரை, ஆனால் டார்க் வெறும் 5 பவுண்டு-அடி கூடுதல். இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டு உச்சியில் 16 குதிரை கொடுத்துவிட்டு உச்ச டார்க்கில் 19 பவுண்டு-அடியை எடுத்துக்கொண்டது. 7,500-இல் 60 குதிரை கூடும் என்றும் விளம்பரத்தில் போட்டார்கள், அது உண்மைதான், பழைய மேனிஃபோல்டு அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது கியர் கணக்கு, உங்களுக்கு முக்கியமே இதுதான். உங்கள் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.17, இரண்டாவது 2.34. முதல் கியரில் 7,000 வரை இழுத்து மாற்றினால் ஆர்பிஎம் சுமார் 3,900-க்கு விழும். குட்டை ரன்னர் சோம்பலாக இருக்கும் இடத்தில் நேராகப் போய் உட்காரும். அங்கிருந்து அது முழித்துக்கொள்ளும் இடத்துக்கு ஏறுவதற்குள், மேனிஃபோல்டு மாற்றாத பழைய ஜிடி பக்கத்தில் இருந்தால் முன்னால் போயிருக்கும். மேனுவல் காரில் 3.66-இல் இருந்து 2.43-க்கு மாறுவதால் 4,650-க்குப் பக்கத்தில் நிற்கும், அதற்கு மேல் கியர்களில் இன்னும் நெருக்கம். 3.73 ஆக்சில் போட்ட மேனுவல், வார இறுதியில் மோஸ்போர்ட் டிராக்கில் ஓடுகிற கார் என்றால் என் பதில் வேறாக இருக்கும். 3.15 ஆக்சிலோடு 401 நெடுஞ்சாலையில் 1,800 ஆர்பிஎம்மில் போகிற காருக்கு இது எதற்கு?

அப்புறம் ஆர்பிஎம்மை உயர்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. இந்த எஞ்சினின் ஆயில் பம்ப் கியர்கள் உலோகத் தூளை அழுத்திச் செய்தவை. ரெவ் லிமிட்டரில் (ஆர்பிஎம் எல்லையில்) திரும்பத் திரும்ப மோதும் கார்களில், முக்கியமாக சூப்பர்சார்ஜர் போட்டவற்றில், அவை உடைவது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 7,500-க்குப் போவதென்றால் எஃகுக் கட்டியில் கடைந்த பில்லெட் ஸ்டீல் கியருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

சூப்பர்சார்ஜர் விஷயம். ரவுஷ், விப்பிள் மாதிரி எஞ்சினின் மேலே உட்காரும் வகை என்றால் அது தன் சொந்த மேனிஃபோல்டோடுதான் வரும், இன்று நீங்கள் வாங்குவதைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். புரோசார்ஜர், வோர்டெக் மாதிரி முன்பக்கம் பெல்ட்டில் சுற்றும் வகைக்கு இருக்கும் மேனிஃபோல்டே போதும், பூஸ்ட் (திணிக்கும் அழுத்தம்) ஏற ஏற அலை விளையாட்டின் பங்கு குறைந்துவிடும். கூடுதல் காற்று வேண்டுமென்றால் புல்லியை மாற்றி அழுத்தத்தை ஏற்றிவிடலாமே. ஆக, எந்த வழியில் போனாலும் இப்போது வாங்குவது உங்களுக்குத் தேவைப்படப் போவதில்லை.

குளிர்காலத்தையும் மறக்க வேண்டாம். உங்கள் 2016 மேனிஃபோல்டில் சின்ன ஃபிளாப்கள் இருக்கின்றன. கீழ் ஆர்பிஎம்மில் அவை மூடிக்கொண்டு காற்றைச் சுழலவிட்டு எரிதலைச் சீராக்கும், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஐடில் நிதானமாக இருக்க உதவும், புகையும் குறையும். பாஸ் 302 மேனிஃபோல்டில் அவை கிடையாது, சந்தையில் கிடைக்கும் வேறு பலவற்றிலும் கிடையாது. அப்படி ஒன்றைப் போட்டால் ட்யூனில் ஃபிளாப்பை அணைக்க வேண்டும், இல்லையென்றால் செக் எஞ்சின் விளக்கு எரியும். ஒன்டாரியோவில் டிரைவ் கிளீன் புகைப் பரிசோதனை 2019 ஏப்ரலோடு தனியார் கார்களுக்கு நின்றுபோனதால் என்ன வேண்டுமானாலும் கழற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சோதனைதான் நின்றது, சட்டம் நிற்கவில்லை. எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு இது பொருந்தும்? கேம் மாற்றியவர், நீள ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) போட்டவர், 3.73 அல்லது அதற்கு மேல் ஆக்சில் வைத்திருப்பவர், ஓட்டும் நேரத்தில் பாதிக்கு மேல் 5,000-க்கு மேலே ஊசியை வைத்திருப்பவர். அப்படிப்பட்ட எஞ்சினில் பழைய நீள ரன்னர்தான் உண்மையான அடைப்பு, அதை எடுத்தால் மற்ற எல்லாச் செலவும் அப்போதுதான் பலன் தரும். அவர்களிடமும் ஒன்று கேட்பேன்: முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்), ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் ஓட்டிய இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டுங்கள். உச்ச எண்ணைப் பார்க்காமல் 3,500 முதல் 7,000 வரை எந்தக் கோடு எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் 4,500-இல் தொடங்கும் வரைபடம் காட்டினால், அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

ஆன்லைனில் மலிவாக வரும் அலுமினியத் தகடு மேனிஃபோல்டுகள் பக்கம் போகவே போகாதீர்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைந்து வேக்குவம் லீக் ஆகும், ரன்னருக்கு ரன்னர் அளவு வேறுபட்டு ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் குறைவாக ஓடும். கம்பெனி போடும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டைக் கேவலமாக நினைக்காதீர்கள், அது எஞ்சின் சூட்டை அலுமினியம் அளவுக்குக் காற்றுக்குக் கடத்தாது.

அப்போ என்ன செய்யலாம்? இரண்டாவது பவர் பேக் உங்கள் வருடத்து ஆட்டோமேட்டிக்குப் பொருத்தமாக இன்னும் கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் நல்ல ட்யூனர் ஒருவரிடம் ட்யூன் மட்டும் செய்யுங்கள். அதன் பிறகும் கை பரபரத்தால் 3.55 ஆக்சில். ஒவ்வொரு சிக்னலிலும் தெரியும் மாற்றம் அது. கண்டிப்பாக மேனிஃபோல்டுதான் வேண்டும் என்றால் 2018 ஜிடியின் மேனிஃபோல்டைப் பாருங்கள், மேலே கொஞ்சம் கொடுக்கும், கீழே அவ்வளவாகப் பிடுங்காது. ஃபிளாப் இணைப்பில் வித்தியாசம் உண்டு, அதனால் அடாப்டரோடு கிட்டாக வாங்கினால் தலைவலி குறையும். எதைப் போட்டாலும் ரப்பர் சீல்கள் புதிதாக இருக்கட்டும், போல்ட்டுகளைப் பெரிய ரென்ச்சால் முறுக்காதீர்கள், சுமார் 10 நியூட்டன்-மீட்டர் போதும். பழையதைக் கழற்றியதும் எட்டு போர்ட்டையும் டேப் ஒட்டி மூடிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள், உள்ளே ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.