அரிசிக்குக் கீழே மாப்பிள்ளை சம்பா வர மாட்டேன் என்கிறதே!

கேள்வி: நன்னிலம் பக்கத்தில் அண்ணனும் நானும் பாரம்பரிய நெல் பயிரிட்டு, அரிசியாக்கி, வேர்ட்பிரஸ் இணையதளம் வழியாக விற்கிறோம். தளத்தின் மேலே 14 பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ‘அரிசி’ என்று ஒன்று இருந்து, அதன் கீழே மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி என்று விரிந்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘பேரன்ட்’ என்ற இடத்தில் அரிசியைத் தேர்ந்தெடுத்தேன், எதுவும் மாறவில்லை. தளத்தின் தோற்றத்தை மாற்றும் ‘அப்பியரன்ஸ்’ பகுதிக்குப் போகச் சொல்கிறார்கள், எனக்கு அப்படி எதுவுமே தெரியவில்லை. தளம் செய்து தந்தவர் மெகா மெனு பிளகின் என்ற கூடுதல் மென்பொருள் போட 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மெனுவை, அதாவது மேலே நிற்கும் அந்தப் பெயர் வரிசையை, நாமே அடுக்கும் வசதி 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸுக்குள் இருக்கிறது, காசு கிடையாது. மெகா மெனு என்பது பெரிய பலகை போல விரியும் மெனு, நூற்றுக்கணக்கில் சரக்கு வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கு. பத்துப் பன்னிரண்டு அரிசி ரகத்துக்கு எதற்கு?

முதலில் அந்த ‘பேரன்ட்’ விஷயம். நீங்கள் மட்டுமல்ல, பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள். பேரன்ட் மாற்றினால் பக்கத்தின் முகவரிதான் மாறும், அரிசியின் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். மேலே தெரியும் மெனு வேறு கணக்கு. உறவு ஒன்று, அதை இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஆகியும் இதை ஒழுங்கு செய்யத் தோன்றவில்லை. மாற்றியதைப் பழையபடி வைத்துவிடுங்கள். பையில் அச்சடித்த முகவரியும் வாட்ஸப்பில் அனுப்பிய லிங்கும் வீணாகப் போக வேண்டாம்.

இனி, ‘அப்பியரன்ஸ்’ ஏன் தெரியவில்லை? உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். உங்களுக்குக் கொடுத்திருக்கும் லாகின் ‘எடிட்டர்’ உரிமை கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். எடிட்டரால் பக்கம் எழுதலாம், படம் ஏற்றலாம். மெனுவைத் தொட முடியாது. அதற்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உரிமை வேண்டும். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசல் சாவியை மட்டும் தந்து, பீரோ சாவியை மேஸ்திரி தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போன கதை இது. தெரியாமல் செய்திருந்தால் கேட்டதும் மாற்றித் தருவார். தெரிந்தே செய்திருந்தால் பெயர் ஒன்றை நகர்த்தக்கூட நீங்கள் அவரைத்தான் தேட வேண்டும்.

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த குத்துவிளக்கு வியாபாரி ஒருவருக்கு இதைவிட மோசம். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனையே வடிவமைப்பாளர் தன் பெயரில் பதிந்திருந்தார். அவர் வேலைக்கு வெளிநாடு போனார், புதுப்பிக்கும் தேதி தாண்டியது, தளம் போனது. ஆகவே இப்போதே பார்த்துவிடுங்கள்: டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயில் யாருக்கு வருகிறது? உங்களுக்கு வராவிட்டால் மெனுவை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சரி, அட்மின் உரிமை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பியரன்ஸ் உள்ளே ‘மெனுஸ்’ இருக்கும். அங்கே வரிசையாக நிற்கும் பெயர்களில் தூயமல்லியைப் பிடித்து, அரிசிக்கு நேர் கீழே கொண்டுவந்து, கொஞ்சம் வலப்பக்கம் இழுத்து விடுங்கள். ‘சப் ஐட்டம்’ என்று பக்கத்தில் எழுத்து வந்தால் உள்ளே போய்விட்டது. இழுக்க வரவில்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டுங்கள், அரிசிக்குக் கீழே நகர்த்தும் லிங்க் இருக்கும். முடித்ததும் ‘சேவ் மெனு’வை அழுத்த மறக்காதீர்கள். மெனுவிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் பக்கம் அழிந்துவிடாது, பயப்பட வேண்டாம்.

மெனுஸுக்குப் பதிலாக அங்கே ‘எடிட்டர்’ என்று இருந்தால் உங்கள் தளத்துக்குத் தோற்றம் தரும் ‘தீம்’ புது வகை, பிளாக் தீம். 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்தது. அதற்குள் போய் மெனுவுக்கான நேவிகேஷன் பிளாக்கில் ‘சப்மெனு’ சேர்க்க வேண்டும். ஆளின் உரிமைக்கும் எடிட்டர், தளத்தை மாற்றும் இடத்துக்கும் எடிட்டர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவானை என்னவென்று சொல்வது!

‘அரிசி’ என்ற தலைப்பில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்கென்று தனிப் பக்கம் இல்லையென்றால், ‘கஸ்டம் லிங்க்’ எடுத்து, முகவரி இடத்தில் # குறியை மட்டும் போட்டு, பெயரை ‘அரிசி’ என்று வையுங்கள். தொட்டால் எங்கும் போகாது, கீழே உள்ளவை விரியும். ஆனால் அரிசி என்று ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்து, கூகுளில் தேடுபவர்கள் அதில்தான் வந்து இறங்குகிறார்கள் என்றால் அந்தப் பக்கத்தை மெனுவிலிருந்து தூக்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் அரிசி மேல் மவுஸை வைத்தாலே பட்டியல் விரிந்துவிடும். கைபேசியில் விரல் வைத்ததும் பல தீம்களில் நேராக அரிசிப் பக்கத்துக்கே போய்விடும். பட்டியல் விரிய, பக்கத்தில் உள்ள பொடி அம்பைத் தொட வேண்டும். வயலிலிருந்து வந்த கையால் அதை யார் குறிபார்த்துத் தொடுவது? அதனால் தலைப்பை # ஆக்கிவிட்டு, அதன் கீழே முதல் பெயராக ‘எல்லா அரிசியும்’ என்று வைத்து, பழைய அரிசிப் பக்கத்தை அதில் இணையுங்கள். பக்கமும் பிழைக்கும், விரலும் பிழைக்கும்.

இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பா ரகங்கள், அதற்குள் மாப்பிள்ளை சம்பா, அதற்குள் ஐந்து கிலோ பை என்று இறங்க ஆசை வரும். தீம் செய்தவர் இரண்டாம் அடுக்கோடு ஷட்டரை இறக்கியிருந்தால் மூன்றாவது அடுக்கு தண்ணீர் எட்டாத கடைமடைதான். உள்ளே அடுக்கியிருப்பீர்கள், வெளியே வராது. பிறகு அதைச் சரிசெய்யவும் அவரே ஒரு விலை சொல்வார்.

இன்றைக்கு அவருக்கு ஒரே வரி அனுப்புங்கள்: “எனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் வேண்டும்.” தந்துவிட்டால் மீதி அரை மணி நேர வேலை. அதற்கும் பணம் கேட்டால், தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயரில் இருந்தால் அங்கிருந்தே சாவியை எடுத்துவிடலாம்.