தாத்தா கடுதாசியைப் பங்கு போடலாமா?

கேள்வி: மூணு தலைமுறையா ஊர்ல பேர் சொல்ற குடும்பம் எங்களது. வீட்டை வித்தாச்சு, பரண்ல இருந்த ட்ரங்குப் பெட்டியில கணக்கு நோட்டு, ஐயா பர்மாவுல இருந்து எழுதினது, அப்பத்தா எழுதினதுன்னு கட்டுக்கட்டா கடுதாசி. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து லேமினேட் பண்ணிக்கலாம்னு தம்பி சொல்றான். அப்பத்தாவோட சொந்த விஷயத்தை எரிச்சிடுங்கன்னு பெரியப்பா சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?
ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மொதல்ல லேமினேஷனை நிறுத்தச் சொல்லுங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன். சூடா ஒட்டின பிளாஸ்டிக்கைப் பேப்பர் கிழியாம திரும்பப் பிரிக்கவே முடியாது.

எரிக்கவும் வேணாம். பின்னாடி அமெரிக்காவோட ரெண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ் 1776ல பிலடெல்பியாவுல இருந்தப்போ, ஊர்ல பிள்ளைங்களோட இருந்த மனைவி அபிகேல் என் கடிதத்தையெல்லாம் எரிச்சிடுங்கன்னு எழுதினாங்க, அதுக்கு அவர், எரிக்கணும்னா முதல்ல உன்னை மறக்கணுமேன்னு பதில் போட்டார். அவர் எரிக்காததாலதான் அவங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டதுல 1100க்கு மேல கடிதம் இன்னிக்கும் இருக்கு. அமெரிக்க சுதந்திரப் போர் நடக்குற நேரத்துல ஒரு அம்மா பிள்ளைங்களுக்கு அம்மை குத்த பாஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போனது, சாமான் விலை ஏறினது, இதெல்லாம் எந்த அரசாங்க ஃபைல்ல கிடைக்கும் சொல்லுங்க? உங்க அப்பத்தா கடுதாசியும் அப்படித்தான். பெரியப்பாவுக்கு மனசு சங்கடமா இருந்தா அதை மட்டும் தனி கவர்ல வச்சு, இத்தனை வருஷம் கழிச்சுப் பிரிக்கணும்னு மேல எழுதிடுங்க. ஆடம்ஸ் வீட்டுக்காரங்களும் ரொம்ப காலம் வெளியாளுங்களை அவ்வளவா பார்க்க விடலை.

பங்கு போடுறதுதான் எனக்குப் பெரிய பயம். கடுதாசி ஒரு வீட்டுல, அதுக்கு வந்த பதில் இன்னொரு வீட்டுலன்னு போயிட்டா ரெண்டுமே பாதிதான் புரியும். ஜான் ஆடம்ஸோட மகன் ஜான் குவின்சி ஆறாவது அதிபர், அவர் தீப்பிடிக்காத கட்டடம் கட்டி இதையெல்லாம் வைக்கணும்னு உயில்ல எழுதினார், அவர் மகன் 1870ல குவின்சி ஊர்ல கல்லுலயே கட்டினார். 1905ல சொந்தக்காரங்க கூடி ஒரு டிரஸ்ட் போட்டு எல்லாத்தையும் ஒண்ணா வச்சாங்க, 1956ல பாஸ்டன்ல இருக்குற மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்கே குடுத்துட்டாங்க. பக்கம் பக்கமா சின்னதா படம் பிடிக்கிற மைக்ரோஃபிலிம் எடுத்ததே 608 ரீல்!

உங்க பெட்டிக்கு வருவோம். கட்டு எந்த வரிசையில இருக்கோ அப்படியே போட்டோ எடுத்துட்டு அப்புறம் பிரிங்க. துருப்பிடிச்ச குண்டூசி, ரப்பர் பேண்டை மெதுவா எடுத்துடுங்க, செல்லோடேப் வேண்டவே வேண்டாம், கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பல கடுதாசிக்குத் தேதியே தபால் முத்திரையிலதான் இருக்கும். குறிப்பு எழுதினா பென்சில்ல. திரும்பப் பரணுக்கு ஏத்தாம, ஈரச் சுவத்தை ஒட்டாத இரும்பு பீரோவுல வைங்க. ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் ஒரு காப்பி குடுங்க, அதுதான் நியாயமான பங்கு.

உங்க பக்கத்து ஊர் கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனி ஆளா சேர்த்து வச்ச புத்தகம், பத்திரிகை எல்லாம்தான் இன்னிக்கு சென்னையில அவர் பேர்ல ஆராய்ச்சி நூலகமா இருக்கு, அங்க ஒரு தடவை பேசிப் பாருங்க.

அதுக்கு முன்னாடி, இந்த வாரமே பெரியப்பாவை உக்கார வச்சு கடுதாசியில வர்ற பேரெல்லாம் யார் யார்னு கேட்டு எழுதிக்கோங்க. பர்மா கடுதாசியில ‘சின்னவன்’னு இருந்தா அது யாருன்னு அவருக்குத்தான் தெரியும்.