கப்பலேறிப் போனவளை ஏன் விட்டீர்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். ஆரணிப் பக்கம் கிராமம், இப்போது பெங்களூரில் வேலை. எங்கள் குடும்ப வம்சாவளியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா வழியில் ஏழு தலைமுறை எழுதிவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன். அதற்கு மேல் போக முடியவில்லை. 1881 சென்சஸில் எங்கள் ஊர்த் தாள்களைப் பார்க்க முடியுமா? அந்தக் காலத்துக் கல்யாணப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்குமா? மரபணுப் பரிசோதனை செய்தால் பயன் உண்டா? முன்னோர்கள் ஆரணிக் கோட்டையில் படைத்தலைவர்களாக இருந்ததாகப் பெரியப்பா சொல்வார், அதற்கும் ஆதாரம் தேடுகிறேன். கொள்ளுத்தாத்தாவின் அக்கா ஒருவர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நட்டாலுக்குக் கப்பலேறிப் போய்விட்டாராம். அவர் பெயர் தெரியவில்லை, அவர் வம்சமும் இங்கே இல்லை என்பதால் படத்தில் சேர்க்கவில்லை. வழிகாட்டுங்கள்.

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

பொதுவாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயம் என்னை விடவில்லை. அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சென்சஸ் தாள் கிடைக்காது. சென்னை ராஜதானியில் 1871 நவம்பர் 15 அன்று தலையெண்ணினார்கள், 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுக்க எண்ணினார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டு முடித்ததும் வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள். ஜில்லாவில் எத்தனை பேர், எத்தனை வீடு, எத்தனை நெசவாளர் என்ற மாதிரிக் கணக்குதான் மிச்சம், உங்கள் எள்ளுத்தாத்தா அதில் ஒரு எண்ணாகக் கரைந்திருப்பார். இங்கிலாந்தில் நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு பெயர் விவரத்தோடு திறந்துவிடுகிறார்கள், 1921 கணக்கு 2022இல் அப்படி வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டு நம்மாட்கள் நிறையப் பேர் இங்கேயும் அப்படி இருக்கும் என்று நினைக்கிறார்கள். நம்முடைய 1948 சட்டம் சென்சஸ் தாளை யாரும் பார்வையிடக்கூடாது, சாட்சியமாகவும் காட்டக்கூடாது என்று 15ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. கல்யாணப் பதிவும் அப்படித்தான். சர்ச்சில் நடந்திருந்தால் சர்ச் புத்தகம் இருக்கும், பள்ளிவாசலில் ஜமாஅத் பதிவேடு இருக்கும், பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரி, காரைக்காலில் பதிவு உண்டு. ஆரணிப் பக்கத்து இந்துக் குடும்பத்துக் கல்யாணத்தை எந்த சர்க்கார் 1880இல் எழுதி வைத்தது? தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும் என்று கட்டாயம் வந்ததே 2009 சட்டத்தில்தான். மரபணுப் பரிசோதனை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. படைத்தலைவர் விஷயத்தை விட்டுவிடுங்கள். எனக்கு அனுப்பப்படும் வம்சாவளி எல்லாவற்றிலும் ஒரு படைத்தலைவரோ பாளையக்காரரோ இருக்கிறார். அப்படியென்றால் ஏரை யார் ஓட்டினார்கள்? நாற்றை யார் நட்டார்கள்? அவர்களை முன்னோர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன கூச்சம்?

இப்போது அந்த அக்கா.

தம்பி, உங்கள் ஏழு தலைமுறையில் பெயர், ஊர், வயது, உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புள்ள ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நீங்கள் வெளியே விட்டிருக்கிறீர்கள்.

சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, நடுவில் சில வருடம் நின்று, ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள், அவர்களிலும் உங்கள் பழைய வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள் ரொம்ப அதிகம். கப்பலுக்குக் கப்பல் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண், கைக்குழந்தைக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். எதற்காக எழுதினார்கள்? தோட்டத்திலிருந்து ஆள் ஓடினால் பிடித்து இழுத்துவர வேண்டுமே, அதற்கு. அந்தப் பட்டியலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி போட்டிருந்த அந்த சர்க்கார் ஏற்றிக்கொண்டுபோன பெண்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதி வைத்தது. பெற்று வளர்த்த வீடு எழுதவில்லை.

டர்பனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேச வராது, ஆனால் பாட்டியைச் சொல்லும் ஆயா என்பதை மட்டும் நம் வடாற்காட்டு ஆட்கள் சொல்கிற மாதிரியே சொன்னார். நண்பர் ஒருவர் சொல்லி, மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவர் கையில் கொள்ளுப்பாட்டியின் பதிவு நகல் இருந்தது. எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். பத்தொன்பது வயது, தகப்பன் பெயர் இன்னது, இடது புருவத்தில் தழும்பு. ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நல்லபடியாகத்தான் உட்கார வைத்தார்கள். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, நீங்க என்ன ஆளுங்க என்பது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது, காகிதத்தில் அந்தக் கட்டத்தை விரலால் காட்டினார்.

அந்தத் தகப்பன் பெயர் அங்கே மூன்று குடும்பத்தில் இருந்தது. மூன்று வீட்டிலும் வம்சாவளி இருந்தது, ஒன்றை ஃப்ளெக்ஸ் அடித்தே மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்தத் தகப்பன் இருக்கிறார், அவருடைய மகன்கள் இருக்கிறார்கள், மகன்களின் மகன்கள் இருக்கிறார்கள். எந்தத் தகப்பனுக்கு என்ன மகள் என்று ஒரு வீட்டிலும் இல்லை. ஒரு பெரியவர் சமாதானம் மாதிரிச் சொன்னார், பொண்ணுங்க வேற வீட்டுக்குப் போறவங்கதானேம்மா, எழுதறது இல்லை என்று. கடல் தாண்டி, நூற்றுச் சொச்சம் வருடம் தாண்டி, ஒரு பாதிக் காகிதம் அந்த மரத்தடி வரைக்கும் வந்துவிட்டது. அதோடு பொருத்திப் பார்க்க வேண்டிய இன்னொரு பாதியை நாம் எழுதவே இல்லை. திரும்பி வரும்போது காரில் அந்த அம்மா எதுவும் பேசவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை, அதன் மிச்சத்தைத்தான் இப்போது நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு தலைமுறை, முப்பத்து நான்கு பெயர். ஒரு பெண் இல்லை. சரி, கொள்ளுப்பாட்டி பெயர் தெரியாது என்பீர்கள். உங்கள் அம்மா பெயர் தெரியுமா தெரியாதா? அவரையும் போடவில்லையே! தங்கை இருக்கிறாரா? இந்த ஆண்கள் எல்லாம் கோட்டைச் சுவரிலிருந்து குதித்து வந்தார்களா?

இது உங்கள் ஒருவருடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1951இல் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் போட்டபோது இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயர் கொடுக்காத பெண்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அது பெரும்பாலும் வடக்கே நடந்தது, நமக்கென்ன என்று சொல்லிவிட வேண்டாம். நம் வீட்டில் பெண் பெயரைத் தேவைப்படும்போது நன்றாகவே ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பாருங்கள், விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கும். சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணன் தம்பிகளுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று அக்கா தங்கச்சிகள் எழுதிக்கொடுப்பது. 1989 மார்ச் 25இலிருந்து பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்ன பிறகு இது இன்னும் கூடியது. அதில் ஒருத்தி பெயர்கூட விடுபடாது. எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாலும் தேடிப்போய்க் கையெழுத்து வாங்கி வருவார்கள், கையெழுத்துத் தெரியாவிட்டால் கைநாட்டு. வாங்கிய கையோடு வம்சாவளியில் அவர்களுக்கு இடமில்லை. எனக்கு இதைப் பேசும்போது நிதானம் தவறுகிறது, மன்னியுங்கள், ஆனால் இதில் நிதானமாக இருக்க நான் விரும்பவும் இல்லை.

உங்களுக்கு இது உபயோகமான தகவலும்கூட. உங்கள் குடும்பத்துப் பெண்களின் பெயர் வேண்டுமென்றால் பத்திரங்களைப் பாருங்கள். வில்லங்கம் போட்டுப் பழைய பத்திரங்களின் நகல் வாங்குங்கள். பாகப்பிரிவினை, விடுதலை, தானம், மகளுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலம் ஏதாவது இருந்தால் அது. இன்னார் குமாரத்தி, இன்னார் பெண்சாதி என்று பெயரோடு வருவார்கள்.

காகிதத்துக்கு வெளியேயும் பெயர் இருக்கிறது. எங்கள் ஆயா இறந்தபோது இறப்புப் பதிவுப் படிவத்தில் இறந்தவரின் தாயார் பெயர் என்று ஒரு கட்டம். அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திண்ணையில் இருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஆயாவின் பிறந்த ஊரிலிருந்து வந்த ஒரு கிழவி தெருமுனையிலேயே அழுகையை எடுத்துக்கொண்டு வந்தார், இன்னாள் பெத்த மகளே என்று. இன்னாள் யார் என்று அந்த ஒப்பாரியில்தான் எங்களுக்கு முதன்முதலாகத் தெரிந்தது, அதைத்தான் படிவத்தில் எழுதினோம். அந்தப் பெயரை இப்போது வீட்டில் ஒரு குழந்தைக்கு வைத்திருக்கிறோம், அதனால் இங்கே எழுதவில்லை.

நட்டால் கல்யாணப் பதிவு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரி இருந்தார், ஒப்பந்தக் கூலிகளின் கல்யாணத்தை அவருடைய அலுவலகம் பதிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அக்கா அங்கே யாரையாவது கட்டிக்கொண்டிருந்தால் அந்த வழியில் எண்ணைப் பிடித்து அடுத்த தலைமுறைக்குப் போகலாம். அந்த நாட்டில் கல்யாணப் பதிவு என்பது வெறும் காகித விவகாரமாக இருக்கவில்லை. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் 1913 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பால் கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதியப்படாத கல்யாணங்கள் செல்லாதவை ஆயின. நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாதவர்கள் ஆனார்கள். அதற்கும், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் தலைவரிக்கும் எதிராகத்தான் அவர்கள் எல்லை தாண்டி நடந்து ஜெயிலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அந்த வருடமே சட்டம் மாறியது, வரியும் போனது. உங்கள் வீட்டுப் பெண் அந்தக் காலத்தில் அங்கே கரும்புத் தோட்டத்திலோ டர்பன் சந்தையிலோ இருந்திருக்கலாம். படைத்தலைவர் தேடுகிறீர்களே!

வம்சம் இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு அத்தை முறை ஆகிறவர்கள், உங்களுக்கு அக்கா முறை ஆகிறவர்கள், யாரோ ஒருவர் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆரணி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஊரில் உங்கள் அப்பாவின் அத்தைகள், சித்திகள் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் போங்கள், இந்த மாதமே போங்கள். அப்பாவையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆண்கள் உட்கார்ந்திருந்தால் அவர்கள் பாதி பேச மாட்டார்கள். வம்சாவளி என்று ஆரம்பிக்காதீர்கள், கப்பலேறிப் போனாளே ஒருத்தி, என்ன சண்டை என்று கேளுங்கள். அடி வாங்கினாளா, தாலி அறுத்தவளா, யாரையாவது விரும்பினாளா, பஞ்சமா, இல்லை மேஸ்திரி ஆசை காட்டிக் கூட்டிப்போனானா. சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று ஒரு வீடு நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அது அந்த வீட்டின் கட்சி மட்டும்தான். பெயரின் முதல் எழுத்து கிடைத்தால்கூடப் போதும். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் உங்களுக்கே தெரியும், ஊர் தெரியும், வயது உத்தேசமாகத் தெரியும்.

பட்டியலின் கணினிப் பதிவு டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பான், அதனால் ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். சாதிக் கட்டத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தால் இவள் எங்கள் ஆளில்லை என்று மூடி வைத்துவிடாதீர்கள். கப்பலேற்றுவதற்கு முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, அவர்களுக்கு அதற்குக் காரணமும் இருந்தது. நட்டாலில் கிடைக்கவில்லையென்றால் பிஜியைப் பாருங்கள், 1903இலிருந்து சென்னையில் ஆள் எடுத்து அங்கேயும் அனுப்பினார்கள், ஊரில் எல்லாவற்றையும் நட்டால் என்றே சொல்லியிருக்கவும் கூடும்.

அத்தைகள் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், பட்டியலை நானும் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். டர்பன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அங்கே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா