ஹீமோஃபீலியா தம்பிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, 60 கிலோ. கடுமையான ஹீமோஃபீலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய். வலது முழங்காலில் சிறுவயதிலிருந்தே ரத்தம் கட்டிக் கட்டி, இப்போது காலை முழுதாக நீட்ட முடியவில்லை. இடது கணுக்காலிலும் நடந்தால் வலி. மூட்டை மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர், இந்த வயதில் வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூட்டில் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட முழங்காலைத் திறந்தால் உள்சவ்வு துருப்பிடித்த நிறத்தில், பாசி படர்ந்த மாதிரி தடித்திருக்கும். துரு என்பது சும்மா உவமை இல்லை, பழைய ரத்தத்தின் இரும்புதான் அப்படிப் படிந்திருக்கிறது. தடித்த சவ்வில் ரத்தக்குழாய்கள் அதிகம், அதனால் லேசாக உரசினாலும் மறுபடி கசியும். குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருந்தால் சவ்வை மட்டும் கவனித்தால் போதும். கதிரியக்க மருந்தையோ ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையோ மூட்டுக்குள் ஊசியாகப் போட்டுச் சவ்வைச் சுருக்கலாம். அது பலிக்காவிட்டால் சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் சவ்வை அகற்றலாம். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தால் இதெல்லாம் பயன் தராது.

அந்த நிலையில், வலி வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால், 26 வயதிலும் முழங்கால் மாற்று சரியான முடிவாக இருக்கலாம். செயற்கை மூட்டு ஆயுளுக்கும் வராது, ஒருநாள் மறுபடி மாற்ற நேரும். கிருமித் தொற்று அபாயமும் மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல். வலி நன்றாகக் குறையும். மடங்கிய கால் முழுதாக நேராகும் என்று மட்டும் யாரும் உறுதி தர முடியாது.

கணுக்கால் வேறு கதை. அங்கே மூட்டை இறுக்கி ஒட்டவைக்கும் ஆபரேஷன் பலருக்கு நல்ல பலன் தருகிறது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது குறையும், வலி போய்விடும். முதலில் நல்ல ஷூவும் கணுக்கால் பட்டையும் போட்டுப் பாருங்கள்.

சரி, இனி ஃபேக்டர், அதாவது தம்பிக்குக் குறைவாக உள்ள, ரத்தத்தை உறையவைக்கும் புரதம். ஆபரேஷன் தேதியைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஃபேக்டர் 8 கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். தம்பியை இயல்பு அளவான 100 சதவீதத்துக்குக் கொண்டுவர, கத்தி வைக்கும் முன்பே 3,000 யூனிட் வேண்டும். சுமார் 12 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். ஆகவே தையல் ஆறும்வரை, அப்புறம் பிசியோதெரபிக்கும், தொடர்ந்து போட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தருகிறார்கள். ஆனாலும் முழு அளவும் கைக்கு வரும் என்று உறுதியாகாமல் தேதி குறிக்காதீர்கள். இன்ஹிபிட்டர், அதாவது போடும் ஃபேக்டரை முடக்கும் எதிர்பொருள், உடலில் இருக்கிறதா என்ற பரிசோதனையும் புதிதாக எடுத்தாக வேண்டும். அது இருந்தால் சாதாரண ஃபேக்டர் சரியாக வேலை செய்யாது, மருந்துத் திட்டமே மாறிவிடும். ரத்தநோய் நிபுணரும் எலும்பு டாக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

அதுவரை வலிக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், இடுப்புத் தசையில் போடும் ஊசியும் கூடாது. இன்னொன்று: முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறாரா? சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். வீக்கம் இல்லாத நாட்களில் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு, தலையணையைக் குதிகாலுக்கு அடியில் மாற்றி வையுங்கள்.